மேக்ஸ் அம்மாவைக் கடித்தான்

போன வாரம் ஓபி முடியுற நேரம். காய்ச்சலுக்குப் பையனைக் கூட்டிட்டு வந்த ஒரு அம்மா, மருந்துச் சீட்டு வாங்கின பிறகும் எழுந்திரிக்கல.

“சார், படப் புத்தகத்துல இருந்து எடுத்த படம்னு நம்பிப் போட்டேன். பாதியிலேயே பயந்து அழுதுட்டான். ஆறு வயசுக்குக் காட்டியிருக்கக் கூடாதோ?”

ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கி 2009இல் வந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’. வெளியே இன்னும் பத்துப் பேர் வெயிட்டிங். “பயந்தா நிறுத்திடுங்கம்மா”ன்னு அனுப்பிட்டேன். மீதியை இங்க சொல்றேன், பொறுமையா வாசிங்க.

முதலில் புத்தகம். மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்து 1963இல் வந்தது. மொத்தமே நானூறு சொல் தேறாது. ஓநாய் வேஷம் போட்ட மேக்ஸ் சேட்டை செய்கிறான், அம்மாவிடம் எகிறுகிறான், ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அறைக்கு அனுப்பப்படுகிறான். அறையே காடாகிறது. கடல் தாண்டிப் போய் பூதங்களுக்கு ராஜாவாகி, ஆட்டம் போட்டு, வீட்டு நினைப்பு வந்து திரும்புகிறான். அறையில் சாப்பாடு காத்திருக்கிறது, சூடு ஆறாமல். அம்மாவின் முகம் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

பெட்டல்ஹெய்ம் என்ற பிரபல உளவியலாளர் 1969இல் இந்தப் புத்தகத்தைக் கண்டித்தார், பட்டினி போடுகிற அம்மா குழந்தையை மிரட்டிவிடுவாள் என்று. அதுவும் புத்தகத்தைப் பார்க்காமலேயே! (பார்க்காத பேஷன்டுக்கு மருந்து சொல்றது நம்ம காலத்து வியாதின்னு நினைச்சேன்.)

இதை 101 நிமிஷப் படமாக்க வேண்டுமென்றால் கோபத்துக்குக் காரணம் வேண்டும். ஜோன்ஸ் கொடுக்கிறார். அப்பா வீட்டில் இல்லை. அக்காவின் நண்பர்கள் மேக்ஸ் கட்டிய பனிக் குகையை மிதித்து நொறுக்குகிறார்கள், அக்கா கண்டுகொள்ளவில்லை. அம்மாவுக்கு வேலை நெருக்கடி. ஆனாலும் அவள் மேஜைக்கடியில் படுத்து அவன் சொல்கிற கதையை டைப் செய்துகொள்கிறாள். அந்தக் காட்சி வந்ததால்தான், பிறகு அவன் அவள் தோளைக் கடிக்கும்போது நமக்கு இரண்டு பேருக்காகவும் வலிக்கிறது. முதல் இருபது நிமிஷம், குழந்தையின் கோபத்தைப் பற்றி நான் சினிமாவில் பார்த்ததிலேயே உண்மையானது.

தீவுக்குப் போன பிறகு எனக்குப் பிரச்சினை. பூதங்கள் அருமை. ஆள் உள்ளே இருக்கும் நிஜ உடைகள், முகம் மட்டும் கம்ப்யூட்டர். அதனால் ஒவ்வொன்றுக்கும் எடை தெரிகிறது. ஆனால் அவை புத்தகத்தில் போல ஆடித் தீர்ப்பதில்லை. பேசுகின்றன, சந்தேகப்படுகின்றன, ஒன்றையொன்று குத்திக் காட்டுகின்றன. கேரல் என்ற பூதம் கோபத்தில் நண்பனின் கையையே பிய்த்துவிடுகிறது. புத்தகத்தில் கோபம் ஏறி இறங்குகிறது. படத்தில் கேரலின் கோபம் லேசில் இறங்குவதில்லை, மேக்ஸ் கிளம்பும் நேரத்தில்தான் தணிகிறது. ஆறு வயசுக்குப் பயம் வருவது இங்கேதான்.

என் வீட்டுக் கதையும் சொல்லிடறேன். போன வருஷம் நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்த அரை மணி நேரத்துல என் பையன் விளையாடக் கூப்பிட்டான். மூணு தடவை “அப்புறம்”னேன். மணிக்கட்டுல கடிச்சான். நான் ஓங்கி ஒண்ணு வெச்சு, ரூமுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். டான்ட்ரம் பத்தி அம்மாக்களுக்கு வாரம் நாலு தடவை வகுப்பு எடுக்கிற ஆள் நான். ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா, கதவுக்கு வெளியே தரையிலேயே தூங்கிட்டிருந்தான்.

அதனால என் தீர்ப்பு: ஆறு வயசுக்குப் புத்தகம் போதும், மடியில வெச்சுப் படிங்க. படத்தைப் பெரியவங்க முதல்ல தனியா பாருங்க. எட்டு, ஒன்பது வயசானதும் கூட உட்கார்ந்து காட்டலாம்.

எட்டு வயசான பிறகு, போன மாசம்தான் என் பையனுக்குக் காட்டினேன். கடைசியில் மேக்ஸ் சாப்பிடுகிறான், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அப்படியே தூங்கிப்போகிறாள். பூதங்களைப் பத்தி இவன் ஒண்ணும் கேட்கல.

“அவங்களுக்கும் நைட் டூட்டியாப்பா?”ன்னான்.