யாரோ சொன்னாளாம்...

பெரம்பலூரிலிருந்து 2001-ல் பிரித்த அரியலூர் மாவட்டத்தை, 2002-ல் மறுபடி அதோடேயே சேர்த்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, டீக்கடை பெஞ்சில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பெரியப்பா சொன்னது ஒரே வரி: ''பழைய குருடி, கதவைத் திறடி!'' கடையே சிரித்தது. 2007-ல் மீண்டும் பிரித்தபோது பெரியப்பா இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

எங்கள் பக்கம் இதற்குப் பேர் சொலவடை. பெர்சிவல் பாதிரியார் 1874-லேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டுவிட்டார். ஆனால், எதை எங்கே, யாரிடம் சொல்வது என்பதைப் பெரியம்மாவிடம்தான் கற்றேன். கற்ற விதம்தான் கொஞ்சம் அவமானம்.

பெரியம்மா வீட்டுக் களத்தில் பெண்கள் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மகன், தவணையில் வாங்கிய புது பைக்கில் வந்து இறங்கினான். அந்த வருஷம் வெங்காயம் அழுகி அவனுக்குப் பெரிய நஷ்டம். சென்னையிலிருந்து போயிருந்த நான், பத்துப் பேர் நடுவில் விளையாட்டாகச் சொன்னேன்: ''எடுக்கறது பிச்சை, ஏறுறது பல்லக்கு... என்னடா?''

யாரும் சிரிக்கவில்லை. அவன் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். அடுத்த வருஷம் அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

அன்று ராத்திரி பெரியம்மா சொன்னார்: ''ஏஞ்சாமி, சொலவடைய ஆள் மேல எறியலாமா? நடுவுல வைக்கணும். யாருக்கு உறைக்குதோ அவங்க எடுத்துக்குவாங்க. 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னுதானே சொல்றோம்? நீன்னா சொல்றோம்?''

அந்த 'ளாம்'! சூட்சுமமே அதில்தான். மாமியாரை நேராகக் கேட்க முடியாத மருமகளும், கூலியைக் குறைத்தவரை எதிர்க்க முடியாதவளும் அந்த 'ளாம்' பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கோபித்துக்கொண்டால், ''உங்களையா சொன்னேன்?'' என்று நகர்ந்துவிடலாம். வாய் திறக்க வழியில்லாதவர்களுக்கு அது கேடயம். என் கையில் அது கல்லாகிவிட்டது.

ரொம்ப நாள் கழித்து, மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். சின்னம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்தார். வாசலில் மேய்ந்த கோழியைப் பார்த்துக்கொண்டே, ''தவளை தன் வாயாலதான் கெட்டுச்சாம்'' என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.