பேய்க்கு ஒரு முகவரி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஊர் வேண்டுமா, ஓர் ஊரைச் சிருஷ்டித்துக்கொள்ளலாம். தெரு வேண்டுமா, அதுவும் அப்படியே. பேய்க் கதையென்றால் பெயரில்லாத பாழும் பங்களாதான் பத்திரம். "எங்கள் தெருவில் பேய் ஏது?" என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நானும் அந்தச் சௌகரியத்தை அனுபவித்து வருகிறவன்தான்.

ஆனால் சில பேய்கள் முகவரியோடு வருகின்றன. 'ஃப்ரம் ஹெல்' என்ற சித்திரக்கதை அந்த வகை. எழுதியவர் ஆலன் மூர். படம் வரைந்தவர் எடி காம்ப்பெல். 1989-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து 1998-இல் முடிந்தது. 1888-இல் கிழக்கு லண்டனில், ஒயிட்சாப்பல் வட்டாரத்தில் நடந்த கொலைகள்தாம் விஷயம். கொலையாளி யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. மூர் தம் கற்பனையில் ஓர் அரச வைத்தியரைக் கொலையாளி ஆக்கினார். வருங்கால லண்டனே அவர் கண்முன் ஆவியாய் எழும்புவதாகவும் கதை பின்னினார்.

நான்காம் அத்தியாயத்தில் அந்த வைத்தியர் குதிரை வண்டியில் நகரத்தைச் சுற்றி வருகிறார். தேவாலயங்கள், கல்லறைத் தோட்டம், தேம்ஸ் கரையில் நிற்கும் எகிப்தியத் தூண் என்று எல்லாமே நிஜ இடங்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் 1714 முதல் 1729 வரை கட்டிய வெள்ளைக் கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. காம்ப்பெலின் கறுப்பு மையில் அது நம்மைக் குனிந்து பார்க்கிறது. இத்தனைக்கும் அவர் அதை வரைந்த காலத்தில் வசித்தது ஆஸ்திரேலியாவில்!

என்னை உலுக்கியது தேவாலயமல்ல, நாலு பென்னி. ஆகஸ்டு 31 விடியுமுன் இறந்த மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற பெண்ணிடம், விடுதியில் படுக்கக் கொடுக்க அந்த நாலு பென்னி இல்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆனி சாப்மனுக்கும் அதே கதிதான்.

கற்பனை ஊராக இருந்தால், "ஐயோ பாவம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நிஜத் தெரு அப்படி விடாது. நாலு பென்னி இல்லாதவள் நடந்த கல்லின்மேல் இன்றைக்கும் மனிதர்கள் நடக்கிறார்கள். பேய் வந்து பயமுறுத்துவதற்கு முன்பே பசி வந்து பயமுறுத்தியாயிற்று.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்தத் தெருக்களில் இரவு நேரத்தில் வழிகாட்டியோடு கொலை நடந்த இடங்களைக் காசு கொடுத்துப் பார்த்து வருகிறார்கள். கொன்றவனுக்கு வைத்த பட்டப்பெயர் உலகத்துக்கே தெரியும். செத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறர் வாழ்ந்த தெருவைக் கடன் வாங்குகிற எழுத்தாளன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன்.

மூர் காட்டியிருக்கிறார். எது ஆவணம், எது தம் கற்பனை என்று பக்கம் பக்கமாகப் பின்னிணைப்பில் பிரித்துச் சொல்கிறார். புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்திருப்பதும் கொலையுண்ட ஐந்து பெண்களுக்கே, அவரவர் பெயர் சொல்லி. பேய்க்கு முகவரி கொடுத்தவர், அந்தப் பெண்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.