சித்தப்பா திரும்பவும் லொறி எடுத்த கதை

டோர்ட்மண்டில் வளர்ந்த உங்களுக்கு லொறி புதிதில்லை. ஏ1, ஏ2, ஏ45 மூன்றும் எங்கள் நகரத்தை ஒட்டித்தான் போகின்றன. ஏ1உம் ஏ2உம் குறுக்கிடுகிற காமன் சந்தியும் பக்கத்தில்தான். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகும்போது காரின் பின்சீட்டில் இருந்து லொறிகளை எண்ணி விளையாடாத பிள்ளைகள் எங்கள் சனத்தில் குறைவு. ஆனால் லொறிக்குள் இருக்கிற ஆளைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. டொக்டர், எஞ்சினியர், கணினி என்றுதான் எங்கள் வீடுகளில் கதை போகும். அதனால் இன்றைக்கு ஒரு லொறிச் சாரதியைப் பற்றி எழுதுகிறேன். பதினொரு வருடம் விட்டுவிட்டு, 54 வயதில் திரும்பவும் நெடுந்தூர லொறி ஓடப் போன என் சித்தப்பா அவர்.

சித்தப்பா 1990இல் ஜேர்மனிக்கு வந்தவர். முதலில் உணவகங்களில் கோப்பை கழுவினார். 1998இல் லொறி லைசென்ஸ் எடுத்தார். சி, சிஇ என்ற வகுப்புகள் 1999இல்தான் வந்தன. அதற்கு முதல் அதன் பெயர் 'கிளாஸ் 2'. மறுவருடத்தில் இருந்து 2013 வரைக்கும் 40 தொன் லொறியில் ஹம்பூர்க், மியூனிக், றொட்டர்டாம் என்று ஓடினார். வீட்டுக்கு வரும்போது பழைய வீதி வரைபடப் புத்தகங்களை எனக்குக் கொண்டுவந்து தருவார். வாசிக்கப் பழகின கையோடு நான் வரைபடம் பார்க்கவும் பழகினேன். பல்கலைக்கழகத்துக்கு நான் கொண்டுபோன முதல் மடிக்கணினி அவருடைய லொறிச் சம்பளத்தில் வாங்கியது.

2013இல் திடீரென்று வேலையை விட்டார். "முழங்கால் நோகுது, பிள்ளையளும் வளருதுகள்" என்றார். எல்லாரும் நம்பினோம். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒரு களஞ்சியத்தில் ஸ்டாப்லர் ஓடினார்.

2024 ஜனவரியில் ஒரு கட்டுக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, இதை ஒருக்காப் பார். என்ன கேக்கிறாங்கள் எண்டு எனக்குச் சரியா விளங்கேல்லை."

பார்த்தால் அவருடைய லொறி லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாக இருந்தது. பழைய கிளாஸ் 2 லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு லொறி ஓடுகிற உரிமை 50 வயதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்து புதுப்பிக்க வேண்டும். சித்தப்பா 2020இல், ஸ்டாப்லர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், யாருக்கும் சொல்லாமல் காசு கட்டிப் புதுப்பித்திருக்கிறார்.

"ஓடாத லொறிக்கு ஏன் சித்தப்பா லைசென்ஸ்?"

"விட மனம் வரேல்லை."

வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. "ராவில நித்திரை இல்லாமல் நான் திரும்பவும் போனைப் பாத்துக்கொண்டு இருக்கோணுமே?" என்று சித்தி அழுதார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்ர கொம்பனியில ஏதும் சின்ன வேலை இருந்தால் பார் பிள்ளை. லொறி எண்டு வெளியில சொல்ல ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். சித்தியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த லொறியில் வந்த காசில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம், படித்திருக்கிறோம். பிறகு அதை வெளியில் சொல்ல என்ன வெட்கம்?

விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு இரவில்தான், தான் வேலையை விட்ட உண்மையான காரணத்தைச் சித்தப்பா சொன்னார். அது விளங்குவதற்கு நீங்கள் முதலில் டாக்கோகிராவ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பெரிய லொறியிலும் சாரதியின் நேரத்தைப் பதிகிற ஒரு கருவி இருக்கிறது. அதுதான் டாக்கோகிராவ். முன்பு கடதாசி வட்டத்தில் கோடு கீறும். 2006 மே மாதத்தில் இருந்து புது லொறிகளுக்கு டிஜிட்டல் கருவி வந்தது. சாரதி தன்னுடைய அட்டையை அதற்குள் போட வேண்டும். அதில் நாலு அடையாளங்கள் இருக்கும். ஸ்டியரிங் என்றால் ஓடுகிறார். இரண்டு சுத்தியல் என்றால் ஏற்றி இறக்குவது போன்ற வேறு வேலை செய்கிறார். குறுக்குக்கோடு போட்ட சதுரம் என்றால் வேலைக்குத் தயாராகக் காத்திருக்கிறார். கட்டில் என்றால் ஓய்வு.

ஐரோப்பியச் சட்டம் இந்த நேரங்களுக்கு எல்லை வைத்திருக்கிறது. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளில் ஓடக்கூடியது 9 மணித்தியாலம். கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். ஒரு கிழமையில் 56 மணித்தியாலம், இரண்டு கிழமை சேர்த்து 90. அதற்கு மேல் ஓட முடியாது. நாளாந்த ஓய்வு சாதாரணமாக 11 மணித்தியாலம்.

லொறி அசைந்தால் கருவி தானாகவே ஸ்டியரிங் அடையாளத்துக்குப் போய்விடும். ஆனால் லொறி நிற்கும்போது சாரதி தூங்குகிறாரா, பெட்டி இறக்குகிறாரா என்று அதற்குத் தெரியாது. பொத்தானை அமத்துகிறவர் மனிதர். சித்தப்பா அப்போது வேலை செய்த இடத்தில், சாமான் இறக்கும்போது கட்டில் அடையாளத்தை அமத்தச் சொல்லுவார்களாம். கருவியைப் பார்த்தால் அவர் ஓய்வெடுத்திருக்கிறார். உண்மையில் மூன்று மணித்தியாலம் பாரம் இழுத்திருக்கிறார்.

அப்படி ஒரு நாள் இறக்கி முடித்துவிட்டு, 2013 மார்ச்சில், காசலுக்குத் தெற்கே ஏ7இல் இரவு ஓடிக்கொண்டிருந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். ஒரு சில வினாடிதான். ரயர் ஓரக் கோட்டில் ஏறி அதிர்ந்த சத்தத்தில் முழித்திருக்கிறார். 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்கு லொறி 22 மீற்றர் போகும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அடுத்த பார்க்கிங்கில நிப்பாட்டிப்போட்டு விடியும்வரை இருந்தனான். கை நடுக்கம் நிக்கேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளை. ஆனால் எனக்கு முன்னால ஒரு சின்னக் கார் போய்க்கொண்டு இருந்தது."

ஒரு மாதத்தில் வேலையை விட்டிருக்கிறார். பதினொரு வருடமாகச் சித்திக்கும் சொல்லவில்லை.

"பிறகு ஏன் திரும்பப் போறியள்?" என்று கேட்டேன்.

"எனக்கு லொறி பிடிக்காமல் விடேல்லையே. பொய்ப் பொத்தான் அமத்தப் பிடிக்காமல்தானே விட்டனான்."

அடுத்த நாளே அதைச் சித்திக்கும் சொல்லச் சொன்னேன். சொன்னார். சித்தி இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை போட்டார்: "வேலைக்குச் சேர முதல் இந்தக் கதையை அங்க கேளுங்கோ."

அதற்கு முதல் தகுதி எடுக்க வேண்டியிருந்தது. 2009 செப்ரெம்பர் 10க்கு முதல் லொறி லைசென்ஸ் எடுத்தவர்கள் முழுத் தொழில் தகுதிப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஆனால் தொழிலாக ஓடுவதற்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். சித்தப்பா ஐந்து சனிக்கிழமை, நாளுக்கு ஏழு மணித்தியாலம், தன் பிள்ளைகளின் வயதுக்காரரோடு வகுப்பில் இருந்தார். பாரம் கட்டுகிற பாடத்தை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லித் தந்தார். சடுதியாகப் பிரேக் பிடித்தால் சாமான் முன்னுக்குப் பாயும். அதன் எடையில் 80 வீதத்துக்குச் சமமான விசையைத் தாங்குகிற மாதிரிக் கட்ட வேண்டும். பக்கங்களுக்கும் பின்னுக்கும் 50 வீதம். நான் பொறியியல் முதுமாணி. ஆனால் ஒரு கயிற்றை எங்கே போட்டு எப்படி இறுக்கினால் அந்த விசை கிடைக்கும் என்று அவருக்குத்தான் கையில் தெரிந்திருந்தது.

பழைய சாரதி அட்டை எப்போதோ காலாவதியாகிவிட்டது, புதிதுக்கு விண்ணப்பித்தோம். 2021க்குப் பிறகு தொழில் தகுதிக்கும் தனி அட்டை கொடுக்கிறார்கள், அதுவும் வந்தது. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு பதிவாகிற புது லொறிகளில் உள்ள டாக்கோகிராவ், எல்லை கடப்பதையும் செய்மதி மூலம் தானாகவே பதியும். லொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரிகள் தூரத்தில் இருந்து சில தரவுகளை வாசிக்கலாம். கிழமை முடிவில் எடுக்கிற 45 மணித்தியால ஓய்வை இப்போது லொறிக்குள் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்டு வகுப்பில் சிலர் முறுமுறுத்தார்களாம். சித்தப்பாவுக்கோ சந்தோசம்.

அவருடைய பழைய பாதையும் மாறியிருந்தது. டோர்ட்மண்டில் இருந்து பிராங்பேர்ட் பக்கம் போகிற ஏ45 அவருக்கு மனப்பாடம். ஆனால் லூடன்ஷைட்டில் இருந்த றாமடே பாலம் பழுதாகி 2021 டிசம்பர் 2இல் மூடப்பட்டது. 2023 மே 7இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 14 வருடம் ஓடின பாதையின் நடுவில் அப்போது பாலம் இருக்கவில்லை. தெற்கே போக ஏ1, ஏ3 என்று கொலோன் பக்கம் சுற்றப் பழக வேண்டியிருந்தது.

ஜேர்மனியில் சாரதிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு, அதனால் இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: "சாமான் இறக்கிற இடத்துக்கு 20 கிலோமீற்றர் இருக்கும்போது என்ர நேரம் முடிஞ்சால் நான் என்ன செய்யோணும்?" முதல் இடத்தில் சிரித்துவிட்டு, அதெல்லாம் சமாளிக்கலாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஓட்டங்களை ஒழுங்குபடுத்துகிற பெண், "அதுக்கு முதலே நிப்பாட்டிப்போட்டு எனக்குப் போன் எடுங்கோ. நேரத்தை மாத்திறது என்ர வேலை" என்ற கருத்தில் பதில் சொன்னாராம். அங்கே சம்பளம் கொஞ்சம் குறைவு. சித்தப்பா அங்கேதான் சேர்ந்தார்.

முதல் இரண்டு கிழமை அவரோடு கூட இருந்து ஓடப் பழக்கியது 27 வயதுப் பெண் சாரதி. கண்ணாடிக்குப் பதிலாகக் கமரா இருந்த லொறி அது. திரையைப் பார்த்துப் பின்னுக்கு எடுக்க அவருக்குக் கண் பழகவில்லை. ஒரு களஞ்சிய வாசலில் ஆறு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்தாராம். அவள் இறங்கி நின்று கை காட்டி, ஏழாம் தரம் சரியாக வைக்கப் பண்ணியிருக்கிறாள். "எனக்கு வெக்கமா இருந்தது. அவளுக்கு இல்லை. பிறகு எனக்கும் இல்லை" என்றார்.

வேலை இலகுவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஓட்டோபானில் லொறி நிற்பாட்ட இடம் கிடைப்பது பெரும்பாடு. இடம் முடிந்துபோகும் என்று நேரத்துக்கு முதலே நிற்பாட்டுகிறார். இரவில் முழங்கால் உண்மையாகவே நோகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரைக்கும் பெரிய லொறிகளுக்குத் தடை என்பதால் அன்றைக்கு வீட்டில் நிற்கிறார். சித்திக்கு அது பெரிய ஆறுதல்.

உங்களில் சிலர் ஒரு படிப்பை, ஒரு விளையாட்டை, மிருதங்கத்தை இடையில் விட்டிருப்பீர்கள். திரும்பப் போகலாமா என்று யோசிக்கிறவர்களும் இருப்பீர்கள். முதலில், எதற்காக விட்டீர்கள் என்று ஒரு ஆளுக்காவது உண்மையைச் சொல்லுங்கள். விட்டதற்கான காரணம் அந்த வேலையா, அதைச் செய்ய வைத்த விதமா என்று பிரித்துப் பாருங்கள். விதம்தான் காரணம் என்றால், திரும்பச் சேர முதல் அதைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள். உங்களை விட வயது குறைந்த ஒருவர் கை காட்டினால் பார்த்துப் பழகுங்கள்.

2025இல் சித்தப்பாவின் லைசென்ஸ் திரும்பவும் புதுப்பிக்க வேண்டி வந்தது. கண் பரிசோதனைக்கு இந்த முறை சித்தியும் கூடப் போனார். கடைசி வரி எழுத்தை இவர் சரியாக வாசிக்கிறாரா என்று பார்க்கத்தான் போனதாகச் சொன்னார். வாசித்துவிட்டார். 2030 வரைக்கும் ஓடலாம்.