ஆச்சி வீட்டு அயனிக்கு வைரம் போச்சு!

"மக்களே, மரத்துல காது முளைச்சிருக்கு."

போன ஐப்பசி மழையில் ஆச்சி போன் செய்தபோது, நான் சென்னை ஆபீஸில் மழைச் செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்த படத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கொல்லைப்புற அயனியின் தூரில், செம்மண் நிறத்தில், ஓரம் வெளுத்த நாலைந்து தட்டுக் காளான்கள். நிஜமாகவே காது மாதிரிதான் இருந்தன.

எங்கள் வீடு கோட்டாறு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முடுக்கில் இருக்கிறது. அயனி தெரியாதவர்களுக்கு: பலாவுக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடங்கும் முள் பழம், உள்ளே ஆரஞ்சு நிறச் சுளை. கொட்டையை வறுத்தால் மாலை காபிக்கு வேறு எதுவும் வேண்டாம். தடியோ கதவு, நிலை, படகு வரை போகும். எங்கள் மரத்தைத் தாத்தா நடவில்லை. அவர் கல்யாணத்தின்போதே அது கூரைக்கு மேல் நின்றதாம்.

அடுத்த வாரமே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனேன். அதற்குள் அப்பா தடி வியாபாரியை வரவழைத்திருந்தார். அவர் மரத்தைச் சுற்றி வந்து, கோடாலியின் பின்புறத்தால் 'டங் டங்' என்று தட்டினார். தூருக்குக் கொஞ்சம் மேலே மேற்குப் பக்கம் தட்டியபோது சத்தம் மாறியது. காலி அண்டாவைத் தட்டுவதுபோல ஒரு 'தொம்'.

"உள்ள பொள்ளையாக்கும். வைரம் போச்சு. விறகு விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பாவுக்கு வந்த கோபம்தான் அன்று மரத்தைக் காப்பாற்றியது. பாசம் எல்லாம் இல்லை.

ஆனால் பிரச்னை விலையில் இல்லை. மேற்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு அக்காவின் ஓட்டு வீடு. அந்த அறையில்தான் அவருடைய மூன்று வயதுப் பிள்ளை தூங்கும். "நான் வெட்டச் சொல்லல. ஆனா ராத்திரி காத்தடிச்சா எனக்கு உறக்கம் இல்ல பாத்துக்க" என்றார் அக்கா. அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் மரம் சாய்ந்து, காரில் போன வங்கி மேலாளர் ஒருவர் இறந்துபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவரை நினைத்தால், 'பசுமை காப்போம்' என்று அந்த அக்காவிடம் பேச வாய் வரவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு மரச் சுத்தியல். வியாபாரி தட்டிய அதே இடங்களில் அவரும் தட்டினார்! ஒலி அலையை வைத்து மரத்தின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. நமக்கு வாய்த்தது சுத்தியலும் காதும்தான்.

"வைரம் போனா மரம் செத்துடும்னு யார் சொன்னா?" என்று ஆரம்பித்தார் சார். வைரம் பாய்ந்த கட்டை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த வைரம் பெரும்பாலும் உயிரற்ற பகுதியாம். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது அதைச் சுற்றியிருக்கும் வெளிர்கட்டையில். இலையில் தயாராகும் உணவு இறங்குவது பட்டையின் உட்புறத்தில். அதனால்தான் நடுவில் ஆள் நிற்கும் அளவு பொந்து விழுந்த புளியமரம்கூடக் காய்த்துத் தள்ளுகிறது. கேள்வி, மரம் உயிரோடு இருக்குமா என்பதல்ல, நிற்குமா என்பதுதான். இரும்புக் குழாய் உள்ளே காலியாக இருந்தும் பாரம் தாங்குகிறதே, அதுபோல. ஆனால், குழாயின் சுவர் போதிய தடிப்போடு இருக்க வேண்டும். நல்ல கட்டை, மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான ஒரு கணக்கு.

டேப் போட்டோம். சுற்றளவு ஒன்பதே முக்கால் அடி. அப்படியானால் ஆரம் 18 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. தேவையான சுவர் சுமார் ஆறு அங்குலம். மெல்லிய டிரில்லால் இரண்டே இரண்டு இடத்தில் துளைத்தார். ஒவ்வொரு துளையும் புதுக் காயம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம் என்றுவிட்டார். கிழக்கே எட்டு அங்குலம் வரை வெளுத்த, கெட்டியான தூள் வந்தது. மேற்கே நாலு அங்குலத்திலேயே டிரில் 'விசுக்'கென்று உள்ளே போய்விட்டது. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால், அந்த மேற்குப் பக்கக் கதை அவருடையது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் பிளஸ் ஒன். மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அன்று எங்கள் அயனியின் மேற்குக் கொம்பு ஒன்று பட்டையோடு கிழிந்து விழுந்தது. தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே என்று அப்பா அந்தக் குழிக்குள் சிமென்ட் பூசி, மேலே தாரும் அடித்தார். அக்கறையோடுதான் செய்தார். மரம் காற்றில் அசைகிறது, சிமென்ட் அசையாது. நடுவில் விழுந்த இடைவெளியில் ஈரம் தங்க, பூஞ்சைக்கு அது ஏ.சி. ரூம் ஆகிவிட்டது.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் பிளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான். நம் தோல்போல மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதை அப்படியே கைவிட்டுவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. பொந்தைச் சுரண்டிச் 'சுத்தம்' செய்தால் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறோம்.

"தென்னைக்கு வர்ற தஞ்சாவூர் வாடலும் இந்த வகைக் காளான்தான். கேனோடெர்மா" என்றார் சார். ஆச்சி உடனே, "அப்ப வேப்பம் பிண்ணாக்கு வச்சா போதும்லா?" என்றார். தென்னைக்கு அதோடு டிரைக்கோடெர்மாவும் சேர்த்து ஆரம்பத்திலேயே வைத்தால் பரவுவது குறையும். அழுகிப்போன கட்டையைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எதற்குமே கிடையாது.

ரயிலில் திரும்பும்போது கொல்கத்தா பக்கம் ஹவுராவில், தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரத்தைப் பற்றிப் படித்தேன். 1864, 1867 புயல்களில் காயம்பட்டு, பிறகு பூஞ்சை பிடித்து, 1925-ல் அதன் நடுமரத்தையே வெட்டி எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் அது இன்னமும் பரந்துகொண்டிருக்கிறது. பொறாமையாக இருந்தது. அயனிக்கு விழுது கிடையாதே!

என்ன செய்தோம்? மேற்கே நீண்ட இரண்டு கொம்புகளின் நுனிப் பாரத்தைக் குறைத்தோம். தாய்மரத்தோடு ஒட்ட வெட்டாமல், கிளை மரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் புடைப்பை விட்டு அறுத்தோம், தார் பூசவில்லை. தளர்ந்து நின்ற சிமென்ட் துண்டுகளை மட்டும் எடுத்தோம். தூரைச் சுற்றி அப்பா போட்டிருந்த சிமென்ட் தளத்தை உடைத்து, சருகு பரப்பினோம். வருஷம் ஒரு தடவை சுவரைப் பார்க்க வேண்டும். மேற்கே இன்னும் குறைந்தால் மரத்தை எடுத்துவிடுவது என்று அக்காவிடம் அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கில் எனக்கும் சம்மதம்தான்.

இப்போது மாதம் பிறந்தால் ஆச்சியிடமிருந்து ஒரு போட்டோ வருகிறது. நேற்று வந்ததில் தூரும், அளவு தெரிவதற்காக ஆச்சி வைத்த வெற்றிலைச் செல்லமும் இருந்தன. கூடவே குரல் செய்தி: "புதுசா காது ஒண்ணும் இல்ல. பழசு உணங்கியாச்சு. கீழ்க்கொம்புல காய் பிடிச்சிருக்கு, மேயில லீவு போடு."

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பிள்ளையின் கட்டிலை இன்னும் முன்னறையில்தான் போட்டிருக்கிறாராம்.