மறுபடியும் சொல்லுங்கள்



பாடத்திட்டம், மதிப்பீடு என்றே எழுதிவரும் நான் இன்று என் பொழுதுபோக்கைப் பற்றி எழுதப்போகிறேன். படித்து முடிக்கையில் இதுவும் வகுப்பறையைப் பற்றியதே என்பது விளங்கும்.

நான் ஓர் அமெச்சூர் வானொலியாளர். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உரிமம் பெற்று, 9எம்2 எனத் தொடங்கும் அழைப்புக் குறியுடன் உலகோடு பேசுபவள். ஜார்ஜ் டவுனில் நான் வாழும் அடுக்குமாடி வீட்டில் கம்பி கட்ட இடமில்லை. பாலிக் பூலாவிலுள்ள என் தாயார் வீட்டில் கூரைக்கும் தென்னைக்கும் இடையே 20 மீட்டர்க் கம்பியைக் கட்டியிருக்கிறேன். ஆகவே, வார இறுதிகளில் மட்டுமே எனக்கு வானொலி வாய்க்கிறது.

எனக்குப் பிடித்தவை 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் ஆகிய தாழ் அலைவரிசைகள். இவை இரவின் அலைவரிசைகள். பகலில், ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் உண்டாக்கும் மின்னணுப் படலம் இவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அப்படலம் கரைகிறது. அப்போது அலைகள் இன்னும் மேலே சென்று, மற்றொரு படலத்தில் பட்டுத் திரும்பி, கடல்களைத் தாண்டுகின்றன. பினாங்கில் விடியுமுன் ஐரோப்பா நள்ளிரவில் இருக்கும். டிசம்பரில் இங்கே பொழுது சாய்ந்த பின்னும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இன்னும் விடிந்திராது. இரு முனைகளும் இருளில் இருக்கும் அந்தச் சிறு பொழுதுதான் எங்களுக்குக் கிடைக்கும் வாசல்.

வாசல் திறந்தாலும் எளிதில் எதுவும் கேட்டுவிடாது. நம் நாடு இடி மின்னல் மிகுந்தது. எங்கோ வெட்டும் மின்னலெல்லாம் கருவியில் படபடவென்று பொரியும். அந்த இரைச்சலுக்கு அடியில், மெல்லிய நூல் போல ஓர் ஒலி வரும். அதைப் பிடிக்கப் பொறுமை ஒன்றே வழி. கேட்காவிட்டால், 'மறுபடியும்' என்று கேட்பதே எங்கள் மரபு. அதில் இருவருக்கும் வெட்கமில்லை.

இப்படிக் கேட்கப் பழகிய காது உயிர் காக்கவும் உதவும். 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பினாங்குவாசிகள் மறக்க இயலாது. ஆழிப்பேரலை நம் மாநிலத்தில் 50க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அம்மாதம், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் அந்தமானில் இருந்தார். அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, வியு4ஆர்பிஐ என்னும் குறியில், உலக வானொலியாளர்களோடு மகிழ்ச்சிக்காகத் தொடர்பு கொண்டிருந்தார். நிலம் நடுங்கித் தொலைபேசிகள் செயலிழந்ததும் அதே கருவி துயரச் செய்திகளைச் சுமந்தது. தீவுகளில் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று ஏங்கியவர்களுக்கு விடை சென்றது. பொழுதுபோக்காக வளர்த்த பழக்கமே அன்று பெருந்தொண்டாயிற்று.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை விடியுமுன், 7 மெகாஹெர்ட்ஸில் இத்தாலிய நிலையம் ஒன்று அழைப்பதைக் கேட்டேன். மோர்ஸ் குறியில் என் அழைப்புக் குறியை அனுப்பினேன். '9எம்2?' என்று மட்டும் பதில் வந்தது. மீதி எழுத்துகள் இரைச்சலில் கரைந்துபோயின. மீண்டும் அனுப்பினேன். 'மறுபடியும்?' என்றார். இன்னும் அனுப்பினேன். ஓரெழுத்து தவறாகப் போய்ச் சேர்ந்தது. பலத்த ஒலியுடன் பலர் அவரை அழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு உடனே விடை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவர்களை நிறுத்திவைத்துவிட்டு, '9எம்2 மட்டும்' என்று எனக்காகக் காத்திருந்தார். ஏழாம் முறை என் குறி முழுமையாகச் சென்று சேர்ந்தது. கதிரவன் எழுந்தான், சற்று நேரத்தில் வாசலும் மூடிக்கொண்டது.

மகிழ்ந்திருக்க வேண்டிய எனக்கு நெஞ்சு கனத்தது. முந்தின நாள்தான் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை வாசிக்கச் சொன்னேன். அவன் புத்தகத்தையே பார்த்தபடி நின்றான். பின்வரிசைப் பிள்ளைகள் கையுயர்த்தினர். நான் அடுத்தவனை அழைத்துவிட்டேன். மாலையில், 'வாசிக்க இயலவில்லை. குறைநீக்கல் வகுப்புக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதியும் வைத்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது ஏறத்தாழ ஒரு வினாடியே என்று கண்டார். அதை 3 வினாடியாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகின்றனர் என்றார். தேர்வில் இதை எழுதி நல்ல புள்ளிகள் பெற்றவள் நான். இத்தாலியில் இருந்த முன்பின் அறியாத ஒருவர் எனக்கு ஏழு முறை கொடுத்தார். என் மாணவனுக்கு நான் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் அவனை அழைத்தேன். அதே பத்தியைக் காட்டினேன். அமைதி. 'அவசரமில்லை தம்பி, டீச்சர் இங்கேயேதான் இருப்பேன்' என்றேன். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. 'மறுபடியும் சொல்லுப்பா, டீச்சர் காதுலதான் விழல' என்றேன். மூன்றாம் முறை, மிகத் தாழ்ந்த குரலில், முதல் வரியை முழுதாக வாசித்தான். எழுத்துகள் அவனிடம் இருந்தன, அவகாசம்தான் இல்லை.

பரிந்துரையைத் திரும்பப் பெற்றேன். அவன் தாயாரை அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். வகுப்பு அவனுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, நீங்கள் நாளைக் காலை எண்ணிப் பாருங்கள். என்ன கேட்டது என்று எனக்கும் சொல்லுங்கள்.