பரண், சுண்ணாம்பு, ஒரு பழைய பத்திரம்

பொங்கல் லீவுக்கு செந்துறை போனால் நல்லா தூங்கலாம் என்று ஹாஸ்டலில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை. மார்கழி கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சும்மா உட்காரக் கூடாது. பையைத் திண்ணையில் வைத்த உடனே வேலைகள் வந்து விழுந்தன: ஓடு மாற்றணும், வெள்ளையடிக்கணும், குழாய் ஒழுகுது, ஹால் ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, எல்லாத்துக்கும் மேலே பரண்.

முதல் நாள் ஓடு. குரங்கு உபயத்தில் உடைந்தது பதினொன்று. சித்தப்பா மேலே, நான் கீழே. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இடுப்பு வலிதான்.

இரண்டாம் நாள் சுண்ணாம்பு. எங்கள் வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். அதை நம்பித்தான் சுற்றிலும் இத்தனை சிமெண்ட் ஆலைகள். ஆனாலும் நாங்கள் கடையில் மூட்டை வாங்கித்தான் வெள்ளையடிக்கிறோம். தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்குவதைப் பார்ப்பது எனக்கு இந்த வயதிலும் வேடிக்கைதான். (கண்ணில் பட்டால் வேடிக்கை இல்லை. தள்ளி நில்லுங்கள்.) பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சமன்பாடு இதுதான் மக்களே. கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் சூடு கிளம்பி நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் அடித்த பிறகு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட், அதாவது மறுபடி கல். அடித்த அன்றைக்கு மங்கலாக இருக்கும் சுவர் காயக் காய வெளுக்கும். வடிகட்டி, கொஞ்சம் கல்லுப்பும் நீலமும் கலந்து, மட்டையால் இரண்டு கை அடித்தோம்.

அந்தக் கல்லும் சாதாரணக் கல் இல்லை. ஆறேழு கோடி வருஷங்களுக்கு முன்னால், அதற்கும் முன்னால், இங்கே கடல் இருந்தது. சின்ன வயசில் ஓடையில் பொறுக்கிய கல் நத்தைகளும் கல் சிப்பிகளும் அந்தக் கடலில் வாழ்ந்தவை. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல்காரர்கள் செந்துறைப் பக்கம் ஒரு ஓடையில் டைனோசர் முட்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடித்து பேப்பரில் எல்லாம் வந்தது. அதுவரைக்கும் உருண்டைக் கல் என்று தாண்டிப் போனவர்கள் எத்தனை பேரோ.

ஃபேன் விஷயம் சுலபம். வேகம் குறைந்த ஃபேனில் பெரும்பாலும் கெட்டுப்போவது கெபாசிட்டர்தான். மோட்டாரின் இரண்டாவது சுருளுக்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு, சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது அதன் வேலை. வருஷக்கணக்கில் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டால் ஃபேன் சோர்ந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு, பழையதில் எழுதியிருந்த அதே 2.5 மைக்ரோ ஃபாரட் வாங்கி மாட்டினேன். குழாய்க்கு ஒரு வாஷர். இரண்டுக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு மாசமாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார் அப்பா!

இனி பரண்.

பரணில் இருந்ததில் பாதி பாத்திரம், பாதி காகிதம். இரண்டு தகரப்பெட்டி, நாலு மஞ்சப்பை. எல்லாவற்றையும் வாசலில் தள்ளி போகிக்குக் கொளுத்திவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். ("பிளாஸ்டிக் மட்டும் போடாதீங்க, மைக் வச்சு சொல்லிட்டுப் போறாங்க.") அப்பாயி குறுக்கே நின்றுவிட்டார்.

"எதுவா இருந்தாலும் படிச்சுக் காட்டிட்டுப் போடுங்க."

"அத்தை, எல்லாம் பழைய உர பில்லு, கரண்டு பில்லு."

"இருக்கட்டும். என்னான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுறேன்."

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் படிக்க வைத்தவர், தன் பெயரைத் தவிர வேறு எழுதப் பழகவில்லை. அதனாலேயே அவருக்குக் காகிதம் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை. யாருக்குப் படிக்க நேரம்? லீவில் வந்தவருக்குத்தான். ஆக, மூன்றாம் நாளிலிருந்து நான் அப்பாயிக்கு வாசகர் ஆனேன். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். கல்யாணப் பத்திரிகைகள், முந்திரிக்கொட்டை போட்ட கணக்கு, அத்தை கல்யாணமான புதிதில் எழுதிய இன்லண்ட் லெட்டர்கள். ஒவ்வொரு கடிதமும் "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்து மாமியார் வீட்டைப் பற்றி எதுவுமே சொல்லாமல் முடியும். அப்பாயி கேட்டுவிட்டு, "அப்பவே தெரியும், அழுதுக்கிட்டுதான் எழுதியிருக்கு" என்றார். அந்தக் கடிதங்கள் தீக்குப் போகவில்லை.

நடுவில் கிடைத்த நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. லைப்ரரியில் எடுத்து இரண்டு தடவை ரினியூவல் செய்தது. 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950-ல் புத்தகமானது. நம்ம ஊர்ப் பையன்களுக்கு இதில் தனி சுவாரஸ்யம் உண்டு. மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேருவதற்கு முன்னால் அவர் படித்ததெல்லாம் இந்தப் பக்கத்தில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். யார் தமிழ் சொல்லிக்கொடுப்பார் என்று கேள்விப்பட்டாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் அப்பா. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டும் ஊர்கள்!

அதில் ஒரு இடம் அந்த வாரம் சரியாக வந்து மாட்டியது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியன் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு தேடிப் போகிறார். அங்கே இருந்தவர், குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் எரிக்கவில்லை. சாஸ்திரப்படி, மரியாதையாக எரித்திருக்கிறார்கள். அதுதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்க்காமல் நெருப்பில் போட்டார்கள், படிக்கத் தெரியாத எங்கள் அப்பாயி பிரித்துப் பார்க்காமல் போடக் கூடாது என்கிறார்.

இதை அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கும் உர பில்லுக்கும் சம்பந்தமில்லை, போய்த் தூங்கு" என்றார்.

ஐந்தாம் நாள் கிடைத்தது பத்திரம். மூன்றாவது மஞ்சப்பையில், காலண்டர் அட்டைக்கு நடுவில். 1968-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம், எங்கள் முந்திரிக் கொல்லையுடையது.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லணும். கொல்லைக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதியது. அதில் தாத்தாவின் தகப்பனார் பெயரும் தப்பு. தாத்தா போன பிறகு பட்டாவை அப்பா, சித்தப்பா பெயருக்கு மாற்ற இரண்டு வருஷமாக அலைச்சல். மூலப் பத்திரம் கொண்டாங்க என்கிறார்கள். ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது 1975-க்கு முன்னால் போகவில்லை. பத்திரம் மழையில் நனைந்து போயிற்று என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்பாயி எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று ஆரம்பம். (கொல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜில்லாதான் 1995-ல் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர் என்று மாறிக்கொண்டே வந்தது.) எழுதிக் கொடுப்பவர் பெயர் வந்தது. அடுத்து எழுதி வாங்குபவர். தாத்தா பெயரை எதிர்பார்த்து வேகமாகப் படித்தவன் நின்றுவிட்டேன். தாத்தா பெயருக்குப் பிறகு 'மனைவி' என்று போட்டு, அப்பாயி பெயர் இருந்தது.

அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "என் தோட்டை வித்து வாங்குனது சாமி. கைநாட்டு வச்சது ஞாபகம் இருக்கு. எம்பேர்லன்னு யாரும் சொல்லலை."

அப்பா வாங்கிப் படித்தார். சித்தப்பா வாங்கிப் படித்தார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி ஒரு பெண் வாங்கிய சொத்து முழுக்க அவளுடையது. தாத்தாவின் வாரிசாக இரண்டு மகன்கள் பிரித்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. பட்டா எழுதும்போது வீட்டு ஆம்பளை பெயரைப் போடுவது அப்போது வழக்கமாக இருந்திருக்கணும், கேட்பாரும் இல்லை. சித்தப்பா பாதிக் கொல்லையை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார், முகம் கொஞ்சம் வாடியது. மறைக்க விரும்பவில்லை, அன்றைக்கு வீட்டில் சாப்பாடு அமைதியாகத்தான் நடந்தது.

மறுநாள் அப்பாயியே பேச்சை எடுத்தார். "நான் இருக்கற வரைக்கும் எம்பேர்ல இருக்கட்டும். அப்புறம் மூணு பங்கு."

"மூணா?" என்றார் சித்தப்பா.

"பாப்பாவுக்கு ஒண்ணு." பாப்பா என்றால் என் அத்தை, வயசு ஐம்பத்தி நாலு.

போகியன்று எரிந்தது இரண்டு கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, நிஜமாகவே உர பில்லுகள். பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் லேமினேஷன் போட்டுத் தரவா என்று கேட்டார்கள். போடாதீர்கள், ஒரிஜினல் பத்திரத்துக்கு யாரும் போடாதீர்கள். சூட்டில் பழைய தாள் பாழாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. நாலு காப்பி எடுத்து, ஒரிஜினலைப் பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாயிற்று. பொங்கல் கழிந்ததும் அப்பாயி பெயரில் மனு. கூட யார் போவது என்றால், சித்தப்பாதான் பைக் எடுக்கிறேன் என்றிருக்கிறார்.

மாட்டுப்பொங்கல் அன்று அத்தை வந்தார். இன்லண்ட் லெட்டர் கட்டை அப்பாயி எடுத்துக் கையில் கொடுத்ததும், படிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, "ஃபேன் நல்லா சுத்துதே, யாரு ரிப்பேர் பண்ணது?" என்று கேட்டார்.