எந்தத் தோள், எந்தத் தேதி

உடம்புக்கு வந்ததை டாக்டரிடம் முழுதாகச் சொல்லாத பழக்கத்தைக் கடல் தாண்டியும் விடாமல் வைத்திருக்கிறோம். நியூ ஜெர்சியில் என் அண்ணி மருந்துக் கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட அன்று இரவே இடது தோளில் வலி. தைலம் தேய்த்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், தலை பின்னக் கை எழும்பாதபோது மகளைப் பின்னச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துச் சர்க்கரைக்காக டாக்டரைப் பார்த்தபோது போகிறபோக்கில் சொல்லிவைத்தார். டாக்டர் எழுதியது ஒரே வரி: சில வாரங்களாகத் தோள்வலி. எந்தத் தோள் என்றில்லை. ஊசியைப் பற்றிய பேச்சே இல்லை.

ஊசி தோளில் சற்று மேலே இறங்கிவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் புண்பட்டு இப்படி ஆவதுண்டு. அரிதுதான், நான் வருடாவருடம் போட்டுக்கொள்கிறேன், மற்றவர்களையும் போடச் சொல்கிறேன். தடுப்பூசிகளால் பாதிக்கப்படும் சிலருக்காகவே அமெரிக்காவில் 1986-இல் சட்டம் இயற்றி, 1988 முதல் இழப்பீடு தருகிறார்கள். ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் வசூலாகும் 75 சென்ட் வரி அந்த நிதிக்குத்தான் போகிறது. யார் தப்பு என்று காட்ட வேண்டாம். நியாயமான வழக்காக இருந்தால், தோற்றாலும் வக்கீல் கட்டணம் கிடைக்க வழியுண்டு. நல்ல ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் காகிதம் வேண்டும். தோள் காயம் என்றால் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும், அதற்கு முன் அங்கே கோளாறு இருந்திருக்கக் கூடாது, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மருத்துவப் பதிவோ மருத்துவர் கருத்தோ இல்லாமல், மனுதாரரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து இழப்பீடு வழங்கக் கூடாது என்று சட்டமே கட்டுப்போடுகிறது. அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது: அறிகுறி தொடங்கிய நாள் பதிவில் விட்டுப்போயிருந்தாலும், தவறாக எழுதப்பட்டிருந்தாலும், மற்ற சான்றுகளைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

அண்ணி இழப்பீடு கேட்க அமர்த்திய வக்கீல் அந்த வழியில்தான் போனார். ஊசிக்கு முந்தைய மூன்று வருட மருத்துவக் கோப்புகளை வரவழைத்தார். தோளைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை என்பதே சான்று. ஊசி போட்ட மறுநாள் காலை மதுரையிலிருக்கும் தங்கைக்கு அண்ணி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: 'ஊசி போட்ட கையைத் தூக்கவே முடியலைடி.' அதையும் மொழிபெயர்த்து இணைத்தார். பிசியோதெரபி படிவத்தில் தேதியையும் இடது தோள் என்பதையும் அண்ணி தன் கையெழுத்திலேயே நிரப்பியிருந்தது எல்லாவற்றையும்விட உதவியது.

முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும், போட்டாயிற்று. கோவிட் ஊசி என்றால் வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, வக்கீல் கட்டணமும் கிடையாது. வலி தானாகப் போய்விடும் என்று காத்திருப்பவருக்கு அந்த ஒரு வருடம் போதவே போதாது. அந்தக் கெடுவை நீட்டத்தான் வேண்டும்.